மதுரையின் வரலாற்று முகங்கள்: எவை பார்த்துச் செய்தவை, எவை நினைத்துச் செய்தவை?

மதுரையில் பணிபுரியும் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் மாணவர்களைக் கொண்டு இவ்வட்டார வரலாற்று மனிதர்களின் உருவப்படக் கண்காட்சி ஒன்றை அமைக்க இருப்பதாகவும், அதற்காகச் சில ஐயங்களைத் தெளிவுபடுத்த வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார். புது மண்டபத்தில் உள்ள திருமலை நாயக்கர் சிலை அவரைப் பார்த்தே செதுக்கியதா? இராணி மங்கம்மாள், மருது சகோதரர், கட்டபொம்மன், திருவள்ளுவர் ஆகியோரின் படங்களில் எவற்றை உண்மை உருவம் என்று எழுதலாம்? உருவமே கிடைக்காதவர்களை எப்படிக் காட்டுவது? கேள்விகள் இவை மூன்றே என்றாலும் விடை சற்று நீளும்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமலை நாயக்கர், மங்கம்மாள் ஆகிய இருவருக்கும் அவரவர் ஆட்சிக்காலத்தை ஒட்டிய உருவங்கள் மதுரைக் கோயிலிலேயே இருக்கின்றன. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கும் காந்தியடிகளுக்கும் ஒளிப்படம் உண்டு. மருது சகோதரர், வேலு நாச்சியார், கட்டபொம்மன், திருவள்ளுவர் ஆகியோரின் பெயரில் இன்று நாம் காணும் முகங்கள் பிற்காலக் கலைஞர்கள் நினைத்து வரைந்தவை. நினைத்து வரைந்தவற்றைக் கண்காட்சியில் வைப்பதில் தவறு எதுவும் இல்லை; ஆனால் அவற்றின் கீழே அப்படித்தான் என்று எழுதியாக வேண்டும். மாணவர் ஒருவர் பதின்மூன்று வயதில் பார்க்கும் படம் அவர் வாழ்நாள் முழுவதும் அந்த மனிதரின் முகமாகவே மனத்தில் தங்கிவிடும் என்பதால் இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இனி புது மண்டபம். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவில் சுவாமியும் அம்மனும் எழுந்தருள்வதற்காகத் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. அவர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர்; மண்டபம் அவருடைய ஆட்சியின் முற்பகுதியில் எழுந்தது. பல தலைமுறைகளாகத் தையற்கடைகளும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இடம் என்பதால், மதுரைக்காரர்களிலேயே பலர் அங்கே பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்திருப்பார்களே தவிர, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்ற அரசர்களை முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கடைகள் அண்மையில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன.

மண்டபத்தின் நடுப்பகுதித் தூண்களில் நாயக்க மரபின் பத்து அரசர்கள், விசுவநாத நாயக்கர் தொடங்கித் திருமலை நாயக்கர் வரை, ஆளுயர அளவில் நிற்கிறார்கள். இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பத்துச் சிலைகளும் ஒரே காலத்தில், ஒரே அரசரின் ஆணைப்படி செதுக்கப்பட்டவை. விசுவநாத நாயக்கர் மதுரைக்கு வந்தது 1529ஆம் ஆண்டை ஒட்டி. சிலை செதுக்கப்பட்டபோது அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே அந்த வரிசையில் சிற்பி தம் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய முகங்கள் கடைசி ஒன்றிரண்டு மட்டுமே. மற்றவை மரபுவழிச் செய்தியாலும், முன்பிருந்த உருவங்கள் ஏதேனும் இருந்தால் அவற்றாலும், சிற்பியின் கைப்பழக்கத்தாலும் உருவானவை. ஒரே மண்டபத்துக்குள், ஒரே கல்லில், ஒரே பட்டறையின் வேலையாக இருந்தும் ஒன்றுக்கு நேரில் கண்ட சாட்சியம் உண்டு, பக்கத்தில் இருப்பதற்கு இல்லை. இதை மாணவர்களுக்கு விளக்கினால் கண்காட்சியின் பாதி வேலை முடிந்துவிடும்.

திருமலை நாயக்கரைக் கண்டுபிடிப்பது எளிது. அவருக்கு மேலே கல்லில் ஒரு விதானம் இருக்கும். உடன் தேவியர் நிற்பார்கள். முன்னே தள்ளிய பெருத்த வயிறு, அதன் கீழே இறுகக் கட்டிய ஆடை, இடையில் செருகிய கட்டாரி, காதிலும் மார்பிலும் கனமான அணிகள், மார்புக்கு நேரே கூப்பிய இரு கைகள். சிற்பி அந்த வயிற்றை மறைக்கவில்லை, தட்டையாக்கவும் இல்லை. அழகர்கோயில், திருப்பரங்குன்றம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய ஊர்க் கோயில்களிலும் அவருடைய உருவம் உண்டு. அவற்றிலும் இதே கனத்த உடல்வாகைக் காணலாம். வெவ்வேறு ஊர்ச் சிற்பிகள் ஒரே உடலைச் செதுக்கியிருக்கிறார்கள் என்றால் அது அந்த அரசரின் அடையாளமாக அன்றே அறியப்பட்டிருந்தது என்று கொள்வதே பொருத்தம். முகத்தின் சிறு கூறுகளில் மரபின் கை கலந்திருக்கும். மூக்கும் கண்ணும் தெய்வச் சிற்பங்களுக்கு உரிய அளவுகளை ஒட்டியே அமைந்திருக்கும். ஆனால் உடல், உடை, அணி, நிற்கும் முறை ஆகியவற்றில் அது நம்பத்தக்க சான்று. எனவே கீழே எழுத வேண்டிய குறிப்பு: ‘திருமலை நாயக்கர் ஆட்சிக்காலத்தில் செதுக்கப்பட்ட சிலை, 17ஆம் நூற்றாண்டு.’ ‘அசல் முகம்’ என்ற சொல் வேண்டாம்.

உருவ ஒப்புமையை அக்காலத்தவர் எவ்வளவு பெரிதாக எண்ணினார்கள் என்பதற்கு மதுரையில் வழங்கும் ஒரு கதையே போதும். திருமலை நாயக்கருடைய அரசியின் சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. சிற்பி மனம் வருந்தி வேறு கல் எடுக்க நினைத்தபோது, அமைச்சராக இருந்த நீலகண்ட தீட்சிதர், அரசிக்கு அவ்விடத்தில் மச்சம் இருக்க வேண்டும், ஆகவே இது குறையன்று, அப்படியே விட்டுவிடு என்று கூறினாராம். அரசர் அதைக் கேள்விப்பட்டு ஐயுற்றுத் தண்டிக்க எண்ணியதை உணர்ந்த தீட்சிதர், கற்பூரச் சுடரால் தம் கண்களைத் தாமே அவித்துக்கொண்டார் என்றும், பின்னர் மீனாட்சி அருளால் பார்வை திரும்பியது என்றும் கதை முடிகிறது. இதை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ள முடியாது. ஆனால் மச்சம் வரைக்கும் கல்லில் தானே வந்துவிடும் என்று நம்பிய ஒரு சமூகம், சிலையைப் பொதுவான பொம்மையாகப் பார்க்கவில்லை என்பதை இக்கதை காட்டுகிறது. கண்காட்சியில் இக்கதையை ஒரு மாணவர் எடுத்துச் சொல்லலாம். கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லட்டும்.

கோயிலுக்குள்ளேயே ஆயிரங்கால் மண்டபத்தின் முகப்பில் குதிரை வீரர் சிலை ஒன்று இருக்கிறது. விசுவநாத நாயக்கரின் தளவாயாக, அதாவது படைத்தலைவராக இருந்து, பாளையப்பட்டு முறையை அமைத்தவராகப் போற்றப்படும் அரியநாத முதலியாரின் உருவம் என்று அதைச் சொல்வது வழக்கம். மண்டபத்தை 1569இல் எழுப்பியவரும் அவரே என்பதால் அந்தத் தொடர்பு இயல்பானது. ஆனால் பாயும் குதிரைமேல் வீரர் என்பது நாயக்கர் காலத்து மண்டபங்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு. எனவே இங்கே ‘அரியநாத முதலியாரின் சிலை என்று வழங்கப்படுவது’ என எழுதுவதே நேர்மை.

இராணி மங்கம்மாளைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய ஊஞ்சல் மண்டபத்தின் விதானத்தில் மீனாட்சி திருக்கல்யாணம் ஓவியமாக இருக்கிறது. அந்தத் திருமணத்தைக் காண நிற்பவர்களாக மங்கம்மாளையும் அவருடைய பேரன் விசயரங்க சொக்கநாதரையும் வரைந்திருக்கிறார்கள். மகன் அம்மை நோயில் இறந்துபோக, கைக்குழந்தையாக இருந்த பேரனின் பெயரால் 1689 முதல் ஏறத்தாழ 1706 வரை நாட்டை நடத்திச் சென்றவர் அவர். அந்த ஓவியத்தில் பேரன் சிறுவனாக நிற்பதே ஓவியத்தின் காலத்தையும் அன்றைய ஆட்சி நிலையையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறது. அரியணைக்கு உரியவன் சிறுவன், ஆள்பவர் பாட்டி, இருவரும் ஆண்டவன் திருமணத்துக்குச் சாட்சிகள். ஓர் ஆவணம் பல பக்கங்களில் சொல்ல வேண்டியதை அந்த ஓவியர் விதானத்தின் ஒரு மூலையில் சொல்லியிருக்கிறார். இன்றைய நாட்காட்டிகளிலும் மேடைகளிலும் காணும், வாளேந்திச் சினந்த முகத்துடன் நிற்கும் அரசியைவிட இந்த ஓவியத்தையே தேர்ந்தெடுக்குமாறு வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய தமுக்கம் அரண்மனைதான் 1959 முதல் காந்தி நினைவு அருங்காட்சியகமாக இருக்கிறது. மாணவர்களை அழைத்துச் செல்லும்போது இரண்டு வரலாறுகளையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

மருது சகோதரர்களிடம் வரும்போது நிலை மாறுகிறது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அவர்களுக்கு நேரில் பார்த்து வரைந்த படம் என்று நம் கையில் எதுவும் இல்லை. காளையார்கோயிலிலும் மதுரைத் தெப்பக்குளத்திலும் உள்ள சிலைகள், அஞ்சல்தலை, சுவரொட்டிகள் யாவும் பிற்காலத்தவை. ஆனால் அவர்களுக்கு வேறொரு வகை உருவப்படம் இருக்கிறது. அது எழுத்தில் இருக்கிறது. கும்பினி எனப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1795இல் மதுரையில் இருந்தபோது சின்ன மருதுவுடன் பழகியவர். பின்னர் அவர்களையே எதிர்த்துப் போரிட்டவர். 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில், சின்ன மருது கருத்த நிறமும் பருத்த உடலும் அழகும் இனிய பழக்கமும் கொண்டவர் என்றும், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே என்றும் எழுதுகிறார். மூத்தவர் ஆட்சிக் கவலையின்றி வேட்டையில் ஈடுபட்டவர், ஆர்க்காட்டு ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைக்கக்கூடிய வலிமை உடையவர் எனச் சொல்லப்பட்டது என்றும் குறிக்கிறார். எதிரி ஒருவர் முப்பது ஆண்டுக்குப் பிறகும் அன்போடு நினைவுகூர்ந்து எழுதிய இந்தச் சில வரிகள், எந்தச் சிலையைவிடவும் எனக்கு அவர்களை அருகில் கொண்டுவருகின்றன. கண்காட்சியில் மருது சகோதரருக்கான இடத்தில் இந்தச் செய்தியைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்து, அதைப் படித்து மாணவர்கள் தாமே வரைந்த படங்களைச் சுற்றிலும் மாட்டலாம். அப்போது, சான்று எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதை அவர்களே தம் கையால் உணர்வார்கள்.

கட்டபொம்மன் உருவத்தின் கதையும் மாணவர்களுக்குச் சுவையானது. 1959இல் வந்த திரைப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற தோற்றம்தான் இன்று பெரும்பாலான தமிழர் மனத்தில் கட்டபொம்மன். கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்ட இடத்தில் நிலம் வாங்கிச் சிலை எழுப்பியவரும் அந்த நடிகரே. மதுரையில் இரயில் நிலையத்தையும் பெரியார் பேருந்து நிலையத்தையும் ஒட்டி நிற்கும் கட்டபொம்மன் சிலையைப் பார்ப்பவர்களுக்கும் அந்தத் திரைமுகமே நினைவுக்கு வரும்.

திருவள்ளுவருக்கு இப்போது நாம் எங்கும் காணும் உருவம் ஓவியர் வேணுகோபால் சர்மா வரைந்தது; 1964இல் சட்டமன்றத்தில் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன் அதைத் திறந்துவைத்தார். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் சென்னையில் ஆங்கில அதிகாரியாக இருந்த எல்லீஸ் துரை வெளியிட்ட பொற்காசில் வள்ளுவர் குடையின் கீழ் அமர்ந்த துறவியாக இருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்தால் போதும், விளக்கம் தேவைப்படாது.

உருவமே இல்லாதவர்களைப் பற்றிய கேள்வியைத்தான் நான் மிகவும் விரும்பினேன். ஏனெனில் மதுரை வட்டாரம் முகமில்லாத நினைவுச் சின்னங்களில் வளமானது. தேனி மாவட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டெடுத்த நடுகற்களில் ஒன்றில், ‘கூடலூர் ஆகோள் பேடு தீயன் அந்தவன் கல்’ என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பொறித்திருக்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் என்பது பொருள். கிறித்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று அறிஞர் மதிக்கும் அந்தக் கல்லில் வீரனின் உருவம் கிடையாது. வில்லும் அம்புமாக உருவம் செதுக்கும் வழக்கம் பின்னால் வந்தது. ஊர், செயல், பெயர் ஆகிய மூன்றும் இருந்தால் ஒருவரை நினைக்கப் போதுமானது என்று அன்றைய மக்கள் கருதியிருக்கிறார்கள். தொல்காப்பியம் நடுகல் எடுப்பதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று படிகள் வகுக்கிறது. கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்தும் அந்த நீண்ட முறையில் ஊர் முழுவதற்கும் வேலை இருந்தது.

இதே முறையில் பிற்காலத்தவர் சிலரையும் காட்டலாம். மதுரையை ஆண்ட படைத்தளபதி யூசுப் கான் என்னும் கான்சாகிபு 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இருக்கிறது, நகருக்குள் கான்சா மேட்டுத் தெரு அவர் பெயரைச் சுமக்கிறது. அவருக்குக் கற்பனைப் படம் தேட வேண்டாம். அடக்கத்தலத்தின் படமும் தெருப்பலகையின் படமும் போதும். 1812 முதல் 1828 வரை கலெக்டராக இருந்து, பீட்டர் பாண்டியன் என்று மக்களால் அழைக்கப்பட்ட ரௌஸ் பீட்டர், மீனாட்சி அம்மனுக்குக் காணிக்கையாக அளித்த பொன் அங்கவடிகள் (குதிரைமேல் அமர்பவர் கால் வைக்கும் வளையங்கள்) அவருடைய நினைவுச் சின்னம். அம்மன் குதிரை வாகனத்தில் எழுந்தருளும்போது அவற்றைக் காணலாம். கோட்டைச் சுவரை இடித்து வெளிவீதிகளுக்கு வழிசெய்த கலெக்டர் பிளாக்பர்னுக்கு நகரத்தார் சிலை வைக்கவில்லை, விளக்குத்தூண் நட்டார்கள். அந்தத் தூணைப் பெயராகக் கொண்ட பகுதியில் நாள்தோறும் துணி வாங்க வருவோர் ஏராளம். அது யார் நினைவாக நின்றது என்று அறிந்தவர் மிகக் குறைவு. அந்த வேலையில் பங்கேற்ற நில அளவையாளர் மாரட்டும் மேஸ்திரி பெருமாளும் தெருப்பெயர்களாக இருக்கிறார்கள். கலெக்டருக்கு இணையாக ஒரு மேஸ்திரிக்கும் பெயர் கிடைத்த ஊர் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. பெருமாள் மேஸ்திரி வீதிக்கு ஒரு பலகையேனும் ஒதுக்குங்கள்.

ஒளிப்படக் காலத்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்த பென்னிகுவிக்கின் மீசை வைத்த முகம் கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளிலும் கடைகளிலும் சாமி படங்களோடு சேர்ந்தே மாட்டப்பட்டிருக்கிறது. லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும், மதுரைத் தல்லாகுளம் பொதுப்பணித்துறை வளாகத்தில் சிலையும் உண்டு. கம்பம் பகுதியில் அரசு சிலை வைப்பதற்கு முன்பே மக்கள் படம் மாட்டிவிட்டார்கள் என்பதை மட்டும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். காந்தியடிகளுக்குப் படத்தைவிட இடமே முக்கியம்: 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் அவர் தங்கியிருந்த வீட்டில்தான் அரையாடை பூண முடிவு செய்தார். உலகெங்கும் உள்ள அவருடைய சிலைகளில் பெரும்பாலானவை உடுத்தியிருக்கும் உடை மதுரையில் முடிவானது. அந்த வீட்டில் இப்போது கதர் விற்பனை நிலையம் நடக்கிறது.

கடைசியாகப் படம் எடுப்பது பற்றி ஒரு வேண்டுகோள். கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்லத் தடை இருப்பதால், ஊஞ்சல் மண்டப ஓவியத்துக்கும் ஆயிரங்கால் மண்டபச் சிலைக்கும் கோயில் அலுவலகத்தில் பள்ளியின் பெயரால் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெறுங்கள். புது மண்டபத்துக்கும் அப்படியே கேட்டுவிடுவது நல்லது. திருமலை நாயக்கரை எடுக்கும்போது முகத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். இன்று தெருவில் நாம் வைக்கும் தலைவர் சிலைகள் கையை உயர்த்தி மக்களைப் பார்த்து நிற்கின்றன. அவற்றில் சில பாதுகாப்புக்காகக் கம்பிக் கூண்டுக்குள் நிற்க வேண்டியிருப்பதும் நமக்குத் தெரியும். நாயக்கரோ கைகூப்பி, எழுந்தருளும் தெய்வத்தை நோக்கி நிற்கிறார். கூப்பிய கை, இடைக் கட்டாரி, மேலே உள்ள விதானம், அருகில் நிற்கும் தேவியர் எல்லாம் ஒரே படத்தில் அடங்க வேண்டும். தூணுக்கு நேரே நின்று எடுத்தால் கல்லின் ஆழம் தெரியாது. சற்றுப் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும் காலை நேரத்தில் எடுங்கள். கூடவே, அதே கோணத்தில் விசுவநாத நாயக்கர் சிலையையும் ஒரு படம் எடுத்து இரண்டையும் இணையாக மாட்டிவிட்டால், பார்த்துச் செய்ததற்கும் நினைத்துச் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி மாணவர்களிடம் பேச அங்கேயே வாய்ப்புக் கிடைக்கும்.